குடியேறியவர் சட்டமன்றம் போகும் வழி: டெல்டா குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரத்தில் 2020 நவம்பரில் வெடி வெடித்தார்கள், வாசலில் கோலம் போட்டு வாழ்த்து எழுதினார்கள். கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் பூர்விக ஊர் அது. "நம்ம ஊர்லேர்ந்து போனவங்க அங்க துணை ஜனாதிபதி ஆயிட்டாங்க" என்ற பேச்சு அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. அதில் ஒரு திருத்தம் வேண்டும். இங்கிருந்து போனவர் கமலாவின் தாய் சியாமளா. 1958இல், 19 வயதில், மேற்படிப்புக்காகக் கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குப் போனார். கமலா 1964இல் ஓக்லாந்தில் பிறந்தவர், பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகள். ஒருவேளை சியாமளாவே அரசியலுக்கு வந்திருந்தால் அவருடைய கணக்கு வேறாக இருந்திருக்கும். பள்ளி வாரியம், நகர்மன்றம், மாநிலச் சட்டமன்றம், ஆளுநர் பதவி வரை எல்லாம் திறந்திருக்கும். ஜனாதிபதி, துணை ஜனாதிபதி பதவிகள் மட்டும் மூடியிருக்கும். (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சர் வேலையைச் செய்பவர் என்று புரிந்துகொள்ளலாம்.)

இந்தக் கட்டுரை சியாமளாவின் இடத்தில் இருப்பவர்களைப் பற்றியது: இங்கே பிறந்து, அங்கே குடியேறி, அந்த ஊர்த் தேர்தலில் நிற்க நினைப்பவர்கள். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கணினி வேலைக்குப் போனவர்கள் இப்போது ஐம்பதை நெருங்குகிறார்கள். பிள்ளைகள் அங்கே பள்ளியில் படிக்கிறார்கள், வீட்டுவரி கட்டியாகிறது, அடுத்த ஆசை தேர்தல். இங்கே இருக்கும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கட்சி சீட்டுக் கொடுத்திருக்கு?" என்பது. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது, "என்னிக்குக் குடியுரிமை வாங்கினே?" என்பதுதான்.

காலண்டரே முதல் எதிராளி

வேலை விசாவில் இருப்பவர் வரி கட்டலாம், வீடு வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது. கிரீன் கார்டு வாங்கி, அதன்பின் 5 ஆண்டு வாழ்ந்த பிறகே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கணவனோ மனைவியோ அமெரிக்கக் குடிமகனாக இருந்து ஒன்றாக வாழ்ந்தால் 3 ஆண்டு. 5 ஆண்டு என்பது சின்ன விஷயம். கிரீன் கார்டு வருவதற்குள்தான் இளமை போய்விடுகிறது. வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. லட்சக்கணக்கில் வரிசையில் நிற்கும் இந்தியர்களுக்கும் அதே 7 சதவீதம். அதனால் பெரும்பாலான கணினிப் பொறியாளர்கள் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்கிறார்கள். 27 வயதில் போனவர் வாக்காளர் பட்டியலில் ஏறும்போது 45ஐத் தாண்டியிருப்பது சாதாரணம். சின்ன வயதில் பெற்றோரோடு போனவர்களே அங்கே பதவிக்கு அதிகம் வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். மேரிலாண்டின் துணை ஆளுநர் அருணா மில்லர் ஐதராபாத்தில் பிறந்து 7 வயதில் போனவர். வர்ஜீனியாவில் 2025இல் துணை ஆளுநராக வென்ற கஸாலா ஹாஷ்மியும் ஐதராபாத்தில் பிறந்தவர்தான், 4 வயதில் போனார். இல்லினாய் மாநிலத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன ராஜா கிருஷ்ணமூர்த்தி டெல்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மூன்று மாதக் குழந்தையாகப் போனவர்.

கிரீன் கார்டு வந்தபின் செய்யும் தவறுகள் இரண்டு. இரண்டுமே டெல்டாக் குடும்பங்களுக்கு நெருக்கமானவை.

ஒன்று, ஊருக்கு வந்து நீண்ட நாள் தங்கிவிடுவது. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை என்று வந்தால் நாள் போவதே தெரியாது. தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் "தொடர் வசிப்பு" அறுந்ததாக அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள்; வேலையும் வீடும் அங்கேயே இருந்தன என்று நாம்தான் காகிதம் காட்டி நிரூபிக்க வேண்டும். ஓராண்டைத் தாண்டினால் எண்ணிக்கை அறுந்தே போகும். இது போக, 5 ஆண்டில் மொத்தம் 30 மாதமாவது உடலளவில் அங்கே இருந்திருக்க வேண்டும். சென்னையில் பிறந்து, 16 வயதில் படிக்கப் போன பிரமிளா ஜெயபால், ஆய்வு நல்கையில் இந்தியா வந்திருந்தபோது பிரசவச் சிக்கலால் குறித்த காலத்தில் திரும்ப முடியாமல் போனார். குடியுரிமைக்கான ஆண்டுகளை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டி வந்தது. 1982இல் போனவருக்குக் குடியுரிமை கிடைத்தது 2000இல். அதன்பின் வாஷிங்டன் மாநில மேலவைக்கு 2014இலும், நாடாளுமன்றத்துக்கு 2016இலும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஊருக்கு வர வேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள் ஒருமுறை திரும்பிப் போய் வருவது நல்லது. விமானச் செலவு, இழக்கும் ஆண்டுகளோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது தவறு இன்னும் ஆபத்தானது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும் அலுவலகத்திலேயே வாக்காளர் பதிவும் நடக்கும். கவுன்ட்டரில் கேட்கும் கேள்விக்குத் தலையாட்டிவிட்டால் குடிமகன் அல்லாதவர் பெயரும் பட்டியலில் ஏறிவிடலாம். பிறகு வீட்டுக்கு அட்டை வரும், "அரசாங்கமே அனுப்பியிருக்கிறதே" என்று போய் ஓட்டும் போட்டுவிடுவார்கள். குடிமகன் அல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் (ஜனாதிபதி, நாடாளுமன்றத் தேர்தலில்) ஓட்டுப் போடுவது குற்றம். நாடுகடத்தவும் அது காரணமாகலாம். குடியுரிமை விண்ணப்பப் படிவத்தில் "எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா, வாக்களித்தீர்களா" என்று நேராகவே கேட்பார்கள். அட்டை வந்துவிட்டால் உடனே தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிப் பெயரை நீக்கச் சொல்லி, அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். வழக்கறிஞரையும் பார்த்துவிட வேண்டும்.

விதிவிலக்கான ஊர்களும் உண்டு. மேரிலாண்டில் டகோமா பார்க் என்ற சிறு நகரம் 1990களின் தொடக்கத்திலிருந்தே குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் நகராட்சி ஓட்டைக் கொடுத்து வருகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் பள்ளி வாரியத் தேர்தலில் மட்டும் குடிமக்கள் அல்லாத பெற்றோர் வாக்களிக்கலாம். நியூயார்க் நகரம் அப்படி ஒரு சட்டம் போட்டுப் பார்த்தது. 2025இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது.

காலண்டர் எப்படிக் காலை வாரும் என்பதற்கு தலிப் சிங் சவுந்த் என்ற பஞ்சாபியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1920இல் பெர்க்லிக்குப் படிக்கப் போய், கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கி, கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயியானார். கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்தால்தான் அங்கே பயிர். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்குமா என்று பார்த்திருப்பவர்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்களுக்குக் குடியுரிமைத் தகுதியில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர் நிலம் வாங்கவும் அம்மாநிலத்தில் தடை. மற்ற இந்தியர்களோடு சேர்ந்து பாடுபட்டு, 1946இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, 1949 டிசம்பரில் சவுந்த் குடிமகனானார். 1950இல் வெஸ்ட்மார்லண்ட் என்ற சிற்றூரில் நீதிபதி பதவிக்குப் போட்டியிட்டு வென்றார். தேர்தல் நாளில் அவர் குடிமகனாகி ஓராண்டு முடியவில்லை என்று அந்த வெற்றி செல்லாமல் போனது. சில வாரக் கணக்கில் போன பதவி. அவர் விடவில்லை, 1952இல் அதே பதவிக்கு மறுபடி நின்று வென்றார். 1956இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆசியரானார். மனுத் தாக்கல் செய்யுமுன் அந்தப் பதவிக்கு எத்தனை ஆண்டு குடியுரிமை, எத்தனை ஆண்டு உள்ளூர் வசிப்பு வேண்டும் என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். மாநிலத்துக்கு மாநிலம் அது மாறும். நியூ ஜெர்சியில் கீழவைக்கு வயது 21, மாநிலத்தில் 2 ஆண்டு வசிப்பு; மேலவைக்கு வயது 30, 4 ஆண்டு வசிப்பு. நாடாளுமன்றக் கீழவைக்கு 7 ஆண்டு குடியுரிமை, அதன் மேலவையான செனட்டுக்கு 9 ஆண்டு.

எந்தப் படியில் கால் வைப்பது

சட்டமன்ற உறுப்பினர் என்றால் நம் மனதில் வரும் உருவத்தை இங்கே விட்டுவிட வேண்டும். தமிழ்நாட்டில் 234 தொகுதி, ஒரு தொகுதிக்கு 2011 கணக்குப்படி மூன்று லட்சம் பேர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலக் கீழவையில் 400 உறுப்பினர்கள், மாநிலத்தின் மக்கள்தொகையோ 14 லட்சம்தான். ஓர் உறுப்பினருக்கு 3,500 பேர், நம் பக்கத்து நடுத்தர ஊராட்சி அளவு. சம்பளம் ஆண்டுக்கு 100 டாலர். டெக்சாஸில் ஆண்டுக்கு 7,200 டாலர். இரண்டாண்டுக்கு ஒருமுறை 140 நாள் கூட்டம். மறுபக்கம் கலிஃபோர்னியா மேலவையில் 40 இடம், ஓர் இடத்துக்குப் பத்து லட்சம் பேருக்குச் சற்றுக் குறைவு. அது நாடாளுமன்றத் தொகுதியை விடவே பெரியது. "ஸ்டேட் எலக்‌ஷன்ல நிக்கிறேன்" என்று மகன் சொன்னால், எந்த மாநிலம் என்று தெரியாமல் அதன் எடையைச் சொல்ல முடியாது.

கீழே இருப்பது பள்ளி வாரியம். அது நம் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழு போன்றதல்ல. ஆசிரியர் ஒப்பந்தம், பள்ளியின் வரவு செலவு, கண்காணிப்பாளர் நியமனம், பேருந்துத் தடம், எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்பதெல்லாம் அதன் கையில். நியூ ஜெர்சியில் அது சம்பளமில்லாத வேலை, பதவிக்காலம் 3 ஆண்டு. கூட்டம் மாலையில் தொடங்கி நள்ளிரவு வரை இழுக்கும், பகல் வேலையை விடவும் முடியாது. ஆனாலும் குடியேறியவருக்கு இதைவிட நல்ல முதற்படி கிடையாது என்பது எங்கள் உறுதியான கருத்து. இரண்டு காரணம் சொல்லலாம். பெரும்பாலான இடங்களில் இது கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல். அடுத்தது, பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பேச்சு ஒன்றுதான். சாயங்காலம் பிள்ளையை அழைக்க வந்தவர்களிடம் அறிமுகமான முகம், தேர்தலில் வெளிநாட்டு முகமாகத் தெரிவதில்லை.

நியமனப் பதவிகளும் இருக்கின்றன: திட்டமிடல் குழு, நூலகக் குழு, மனித உரிமை ஆணையம். நகராட்சி இணையதளத்தில் காலியிடம் போடுவார்கள், விண்ணப்பிப்பவர்கள் குறைவு. வீட்டு மனைப் பிரிப்பு, மழைநீர் வடிகால், வாகன நிறுத்தம் என்று ஓராண்டு உட்கார்ந்து கேட்டால் நகராட்சி எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். நேராக நாடாளுமன்றத்துக்கு நின்று கையிலிருந்த பணத்தைக் கரைத்தவர்கள் தவறவிட்ட படி இது.

பிரைமரி: நம் ஊரில் இல்லாத கதவு

நமக்குப் புதிதாகத் தோன்றும் ஏற்பாடு இது. தமிழ்நாட்டில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கும். அமெரிக்காவில் கட்சி வேட்பாளர் யார் என்பதை அந்தந்தத் தொகுதி வாக்காளர்களே "பிரைமரி" என்ற உட்கட்சித் தேர்தலில் தீர்மானிப்பார்கள். மாவட்டச் செயலாளர் தயவு இல்லாமலே ஒருவர் உள்ளே நுழையலாம். ஒரு கட்சியே எப்போதும் வெல்லும் தொகுதியில் பிரைமரிதான் உண்மையான தேர்தல்.

பிரைமரிக்கு வருபவர்களோ சொற்பம். ஒரு தொகுதியில் பதிந்த வாக்காளர் 40,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கட்சியில் பதிந்தவர் 20,000, பிரைமரிக்கு வருபவர் 4,000. மூன்று பேர் போட்டியென்றால் 1,600 ஓட்டில் முடிந்துவிடும். அந்த 4,000 பேர் யார் என்பதும் ரகசியமில்லை. யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது தெரியாதே தவிர, எந்தெந்தத் தேர்தலுக்கு வந்தார் என்பது வாக்காளர் பட்டியலிலேயே இருக்கும். வேட்பாளர் அதைப் பெறலாம். கடைசி நான்கு பிரைமரிகளில் மூன்றுக்கு வந்தவர்களைப் பிரித்தெடுத்து, தெருவாரியாக அடுக்கி, கதவைத் தட்டப் போக வேண்டும். ஒருவர் மணிக்குப் பதினைந்து கதவு தட்டினால் பாதிதான் திறக்கும். 2,000 வீட்டில் முகம் பார்த்துப் பேச 250 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வார நாளில் இரண்டு மணி, சனி ஞாயிறில் ஐந்து ஐந்து மணி நடந்தால் மூன்று மாதம். இதற்குக் குறுக்குவழி இல்லை. ஊராட்சித் தேர்தலில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு "இந்த வீட்ல நாலு ஓட்டு, ரெண்டு திருப்பூர்ல இருக்கு" என்று கணக்குப் போட்டவர்களுக்கு இது பழகிய வேலைதான்.

உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்து 7 வயதில் நியூயார்க் வந்த சோஹ்ரான் மம்தானி 2018இல் குடியுரிமை பெற்றார். 2020இல், பதவியிலிருந்த சட்டமன்ற உறுப்பினரைச் சில நூறு ஓட்டில் பிரைமரியில் தோற்கடித்தார். 2025இல் நகரின் மேயர் தேர்தலை வென்றார். வேட்பாளராக அவர் எழுந்ததும் பிரைமரிக் கதவு வழியாகத்தான். அதே கதவில் இடறியவரும் உண்டு: ராஜா கிருஷ்ணமூர்த்தி 2010இல் இல்லினாய் மாநிலக் கணக்கு அதிகாரி பதவிக்கான பிரைமரியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். 2012இல் நாடாளுமன்றத்துக்கான பிரைமரியிலும் தோல்வி. 2016இல்தான் வெற்றி.

நம்மவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் தமிழ்ச் சங்கம். பொங்கல் விழாவில் அரங்கு நிறைந்திருக்கும், எல்லாரும் கைதட்டுவார்கள். ஆனால் அந்த எண்ணூறு பேர் பத்துத் தொகுதிகளில் சிதறியிருப்பார்கள், பாதிப் பேர் இன்னும் விசாவில் இருப்பார்கள். தொகுதிக்குள் ஓட்டுள்ளவர்கள் முப்பது பேர் தேறினால் அதிகம். இன்னொன்று, நன்கொடைக்கு வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளையாகப் பதிந்த சங்கம் எந்த வேட்பாளரையும் ஆதரித்து அறிவிக்கக் கூடாது. 1954 முதல் சட்டம் அப்படித்தான். மீறினால் சங்கத்தின் வரிவிலக்கே போகலாம். சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலை வேட்பாளருக்குக் கொடுத்து உதவுவதும் அதே வம்புதான்.

இங்கிருந்து பணம் அனுப்பக் கூடாது

கும்பகோணத்தில் இருக்கும் மாமா பாசத்தில் ஐயாயிரம் டாலர் அனுப்பி வைப்பார். அது குற்றம். அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் கூட்டாட்சி, மாநில, உள்ளூர்த் தேர்தல் எதற்கும் பணம் கொடுக்கக் கூடாது, வேட்பாளர் வாங்கவும் கூடாது. பள்ளி வாரியத்துக்கும் அதே விதி. அங்கே விசாவில் இருக்கும் தம்பியும் கொடுக்கக் கூடாது. கிரீன் கார்டு உள்ளவர் கொடுக்கலாம். மாமா பணத்தை மருமகள் பெயரில் கொடுப்பது இன்னொரு குற்றம். மொய் எழுதுவது போல யார் பெயரிலாவது எழுதிக்கொள்ளலாம் என்ற எண்ணமே ஆபத்து. சம்பளம் வாங்காமல் துண்டுச்சீட்டு ஒட்டலாம், கதவு தட்டக் கூடப் போகலாம், அதற்குத் தடையில்லை. உறவுக்காரர்கள் செய்யக்கூடிய உதவி அவ்வளவுதான். அதுவே பெரிது.

தேர்தல் கணக்குக்குத் தனி வங்கிக் கணக்கு, தனிப் பொருளாளர், குறித்த தேதியில் அறிக்கை. முதல் முறை நிற்பவர்களுக்கு அபராதம் விழுவது பெரும்பாலும் தேதி தவறித்தான்.

கனடாவிலும் பிரிட்டனிலும்

ஒன்டாரியோ மாகாணம் தமிழர்களுக்குப் பழக்கமான களம். நிரந்தரக் குடியிருப்பு பெற்றபின் 5 ஆண்டில் 1,095 நாள் அங்கே இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்க வரிசை போல இழுக்காது. நான்காண்டுக்கு ஒருமுறை அக்டோபர் நான்காம் திங்களன்று உள்ளாட்சித் தேர்தல். கவுன்சிலர் மனுவுக்கு 100 டாலர், மேயருக்கு 200. பெரிய நகராட்சிகளில் கவுன்சிலர் மனுவுக்கு 25 வாக்காளர் கையெழுத்து வேண்டும், பள்ளி வாரியத்துக்கு அதுவும் வேண்டாம். ஒன்டாரியோவில் வசிக்கும் தனிநபர் மட்டுமே பணம் கொடுக்கலாம், ஒரு கவுன்சிலர் வேட்பாளருக்கு 1,200 டாலர் வரை; நிறுவனங்கள் கொடுக்கக் கூடாது. இலங்கையிலிருந்து குடியேறிய லோகன் கணபதி 2006இல் மார்க்கம் நகரக் கவுன்சிலரானார், 2018இல் மாகாணச் சட்டமன்றத்துக்குப் போனார். மூன்று முறை கவுன்சிலராக இருந்த பிறகுதான் அடுத்த படி.

பிரிட்டன் விதி பலருக்குத் தெரியாது. இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், அங்கே தங்க அனுமதியுள்ள இந்தியக் குடிமகன் இந்தியப் பாஸ்போர்ட்டோடே ஓட்டுப் போடலாம். காலவரையற்ற தங்கும் அனுமதி இருந்தால் கவுன்சிலராகவும் நிற்கலாம். உள்ளாட்சிக்கு டெபாசிட் இல்லை. இங்கிலாந்தில் முன்பு பத்துப் பேர் முன்மொழிய வேண்டியிருந்தது, இப்போது இரண்டு பேர் போதும். பாஸ்போர்ட்டை மாற்ற மனம் வராதவர்களுக்கு உள்ள ஒரே அகன்ற வழி இதுதான்.

இந்தப் பக்கம் என்ன ஆகும்

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த அந்த நாளே, 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும்) அட்டை வாங்கலாம். அந்த அட்டையோடு இங்கே ஓட்டுப் போட முடியாது, ஊராட்சி வார்டு உறுப்பினராகக் கூட நிற்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர் 6ஏ படிவத்தில் பதிந்து, வாக்குச்சாவடிக்கு நேரில் வந்து பாஸ்போர்ட்டைக் காட்டி வாக்களிக்கலாம். குடியுரிமை மாறிய பிறகு அந்தப் பெயர் இங்கே பட்டியலில் நிற்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்களே நீக்க மனுக் கொடுத்துவிடுவது நல்லது.

காரைக்காலில் மட்டும் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 1962இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள், அரசலாற்றங்கரையில் வாழ்ந்துகொண்டே பிரான்ஸ் ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். புதுச்சேரிச் சட்டமன்றத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை.

பெற்றோரைத் தூங்கவிடாத கேள்வி நிலம். "பையன் அந்த ஊர்க் குடிமகன் ஆயிட்டா நஞ்சை என்ன ஆகும்?" ஓசிஐ அட்டைக்காரர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் குடியிருப்பவராலும் முடியாது, ஆகவே அந்த வகையில் புதிதாக எதுவும் இழக்கவில்லை. அப்பாவிடமிருந்து வாரிசாக வரும் நிலத்தை வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டுமே விற்கலாம். அமெரிக்காவில் குடியேறிவிட்ட தங்கைக்கு எழுதிக்கொடுக்க முடியாது. உடன்பிறந்தவர்களில் எல்லாரும் வெளிநாட்டில் இருந்தால் இந்தச் சிக்கல் பெரிதாகும். அப்பா இருக்கும்போதே பாகத்தைப் பிரித்துப் பட்டா, சிட்டாவில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பிறகு ஆறு மாதம் வந்து தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தால், இன்னும் கிரீன் கார்டில் இருப்பவருக்கு அங்கே வசிப்பு எண்ணிக்கை அறுந்துவிடலாம்.

திரும்பி வரும் வழி அடைபடவில்லை. ஓசிஐயாகப் பதிந்து 5 ஆண்டு ஆகி, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் இந்தியாவில் வசித்தவர் இந்தியக் குடியுரிமைக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் மற்ற நாட்டுக் குடியுரிமையை விட வேண்டும். பிறந்த இடத்தைப் பார்த்துப் பதவியை மறுக்கும் விதி நம் அரசியல் சட்டத்தில் இல்லை. குடியுரிமை பெற்றவர் பிரதமராகவும் ஆகலாம். இலங்கை நாவலப்பிட்டியில் பிறந்து, கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் படித்த எம்.ஜி.ஆர். 1962இல் சட்டமன்ற மேலவைக்கும், 1967இல் பரங்கிமலைத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்கும் போய், 1977இல் முதலமைச்சரானதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.